குற்றாலக் காட்டில் செடி தேடிய டாக்டர்

சீசனுக்குக் குற்றாலம் போறீங்களா? குளிச்சிட்டுக் கிளம்பும்போது மலையையும் ஒருதடவை நிமிர்ந்து பாருங்க. 1830-களில் அங்கே செடி தேடி அலைஞ்சவர் ஒரு டாக்டர். பேரு ராபர்ட் வைட்.

1796-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்தார். பெரும்பாலான மருந்துகள் செடிகளிலிருந்தே வந்த காலம் அது. அதனால் மருத்துவ மாணவர்கள் தாவரவியலும் கற்றார்கள். அந்த 'எக்ஸ்ட்ரா' பாடம்தான் வைட்டைக் கடைசிவரை விடவே இல்லை.

1819-ல் கிழக்கிந்திய கம்பெனியின் உதவி சர்ஜனாக இந்தியா வந்தார். 1826-ல் மெட்ராஸ் அரசின் இயற்கையியலாளர் பதவி கிடைத்தது. கனவு வேலை! ஆனா, 1828-ல் அந்தப் பதவியையே ரத்து பண்ணிட்டாங்க. மறுபடியும் ராணுவ டாக்டர் வேலை.

நாமா இருந்தா வெறுத்துப்போயிருப்போம். அவர் விடலை. நாகப்பட்டினத்தில் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே செடிகளைச் சேகரித்தார். பிறகு குற்றாலம் மலைக்கும் வந்தார். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்கள். 1838 முதல் 1853 வரை வெளியான 'ஐகோனஸ்' நூலில் மட்டும் 2,101 படங்கள்! ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார் வைட்.

1872-ல் அவர் மறைந்தார். மருத்துவம் படிக்கிற உங்களுக்கும் ஆராய்ச்சி ஆசை இருக்கா? பதவி வரட்டும்னு காத்திருக்காதீங்க. டியூட்டி முடிஞ்சதும் ஒரு நோட்டைத் திறங்க.