வலிய கப்பித்தான் டிலனாய்

புனித தேவசகாயத்தை அறியாதார் நம் பங்கில் இல்லை. அவருக்கு முதன்முதலில் வேதத்தை எடுத்துரைத்த போர்வீரர் டிலனாயை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்த பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்களை நினைத்தே இவ்வரலாற்றைத் தருகிறோம்.

1715-ல் பிறந்த யுஸ்தேசியுஸ் டிலனாய், டச்சுக் கம்பெனிப் படையில் சேர்ந்து கீழ்த்திசை வந்தார். 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் கைதியானார். மன்னரோ அவரைத் தம் வீரர்களுக்கே பயிற்சியாளராக்கினார். உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்து அங்கே பீரங்கி வார்க்க ஏற்பாடு செய்தார் டிலனாய். மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்றனர். மனைவி மார்கரீத்தாவுடன் இல்லறம் நடத்தியதும் அதே கோட்டையில்தான். ஒரு புறம் பீரங்கி உலை, மறு புறம் தொட்டில்!

அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை, ஆடுமாடுகளையும் விளைச்சலையும் இழந்து மனமுடைந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். நம் ஆவூரைப் போலவே சேசுசபைக் குருக்கள் உழைத்த வடக்கன்குளத்தில், 1745-ல் புத்தாரி சுவாமியிடம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றார். 1749-ல் சிறைப்பட்டார். 1752 ஜனவரி 14-ம் நாள் காற்றாடிமலையில் மன்னரின் வீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். தாம் பழக்கிய படையே தம் நண்பரைக் கொன்றது!

ஆயினும் டிலனாய் சேவையை விடவில்லை. கைதியாய் வந்த அன்னியருக்கு வேறு போக்கிடம் ஏது என்று கேட்கலாம். நியாயமே. ஆனால் அதே படையின் முன் நாள்தோறும் நின்றவரின் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்! இதை எளிதில் தீர்ப்பிட நமக்குத் துணிவில்லை.

போர் பின்பு அவர் வீட்டுக்குள்ளேயும் புகுந்தது. மகன் யோவான் தந்தையின் வழியே படையில் சேர்ந்தான். 1765-ல் களக்காட்டுப் போரில் மடிந்தான். வயது 19. பிறர் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர் தம் பிள்ளையையும் அதற்கே கொடுத்தார். மார்கரீத்தா அம்மாளின் துயரை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதியவர்களெல்லாம் கோட்டைகளைப் பற்றியே எழுதினார்கள்.

வடக்கெல்லையில் அவர் திட்டமிட்ட நெடுங்கோட்டை அரண், 1789-ல் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலைத் தடுத்தது, 1790-ல் உடைந்தது. அதைக் காண அவர் இல்லை. 1777 ஜூன் 1-ம் நாள் உதயகிரியில் இறந்தார்.

கோட்டாற்றில் புனிதரின் கல்லறையைத் தரிசிப்போர், திருவனந்தபுரம் சாலையில் சிறிது தூரம் சென்றால் புலியூர்க்குறிச்சியில் அக்கோட்டையைக் காணலாம். உள்ளே கூரையிழந்த ஆலயத்தில் லத்தீனும் தமிழும் பொறித்த கல்லின் கீழ் தளபதி துயில்கிறார். மகனும், 1782-ல் இறந்த மார்கரீத்தா அம்மாளும் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.