எப்போதும் ஜெபித்த அன்னை

புனித பிலிப்பின் துஷேன் 1769-ல் பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகரில் பிறந்தார். திரு இருதய சபைக் கன்னியாக 1818-ல் அமெரிக்கா சென்று, மிசூரி ஆற்றங்கரையில் சேன்ட் சார்ல்ஸ் ஊரில் ஏழைச் சிறுமியருக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். ஆயினும் பழங்குடி மக்களிடையே பணிபுரியும் சிறுவயது ஆசை 1841-ல்தான் நிறைவேறியது. அப்போது அவருக்கு வயது 71!

அவர் சென்றது கான்சாஸ் பகுதியில், சுகர் கிரீக்கில் இருந்த பொட்டவாட்டமி மக்களிடம். அது அவர்கள் சொந்த மண் அன்று. வெள்ளையருக்கு நிலம் வேண்டியிருந்ததால், 1838-ல் இந்தியானாவிலிருந்து சுமார் 850 பேரைப் படைவீரர் துப்பாக்கி முனையில் நடத்திவந்தனர். இரண்டு மாத நடையில் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; பெரும்பாலோர் குழந்தைகள். மேற்கே பரவுவது இறைவன் சித்தம், அதனால் பழங்குடிகளுக்கு நாகரிகமும் வேதமும் கிடைக்கும் என்று நியாயம் சொல்லப்பட்டது. துரத்தப்பட்டவர்களில் பலரோ முன்பே ஞானஸ்நானம் பெற்றவர்கள்! அவர்களுடன் சென்ற இளங்குரு பெத்தி 1839-ல் நோயுற்று இறந்தார்.

அன்னைக்கு அவர்கள் மொழி வரவில்லை. கோவிலில் மணிக்கணக்காக முழந்தாளிட்டிருப்பார். எப்போதும் ஜெபிக்கும் பெண் என்றே மக்கள் அவரை அழைத்தனர். உடல்நலம் குன்றவே, 1842-ல் சபையார் திரும்ப அழைத்துக்கொண்டனர். 1852-ல் சேன்ட் சார்ல்ஸில் காலமானார். 1988-ல் புனிதராக உயர்த்தப்பட்டார். பொட்டவாட்டமியரோ 1848-க்குள் சுகர் கிரீக்கையும் விட்டுப் பெயர்க்கப்பட்டிருந்தனர்.