கல்லைப் படித்த மனிதர்



போன லீவுக்கு வீட்டோட ஏற்காடு போயிருந்தோம். அங்கே சர்ச்சில் ராபர்ட் புரூஸ் பூட் என்பவரின் நினைவுக்கல்லைப் பார்த்தேன். யாருன்னே தெரியாம வந்துட்டேன். அப்புறம் லைப்ரரியில் படித்ததும், இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்கலாமேன்னு தோணுச்சு.

இவர் 1834-ல் இங்கிலாந்தில் பிறந்தார். 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1863 மே 30-ந் தேதி, பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியில் ஒரு கல்லை எடுத்தார். அது தானா உடைஞ்ச கல் இல்லைங்க, மனிதன் செதுக்கிய கைக்கோடரி! ஐரோப்பாவில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு இப்படிப்பட்ட கற்கள் கிடைத்த செய்தி அவருக்குத் தெரியும். அதனால்தான் அது கண்ணில் பட்டது. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு அதுவே முதல் சான்று.

அதே வருஷம் அத்திரம்பாக்கத்திலும் கல் ஆயுதங்களைக் கண்டார். அந்த ஊர் ஆயுதங்களின் வயது சுமார் 15 லட்சம் வருஷம் என்று 2011-ல் கண்டுபிடித்தார்கள். கர்நாடகத்தில் கோகாக் பக்கம், அழிந்துபோன காண்டாமிருகத்தின் எலும்புகளையும் பூட் கண்டெடுத்தார். 1884-ல் கர்நூல் குகைகளை மகனோடு சேர்ந்து தோண்டினார். 1912-ல் இறந்தார். அவர் சேர்த்த கற்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நம்ம ஊர்ப் பக்கமும் சரளை லாரி லாரியா போகுது. அதில் அப்படி ஒரு கல் இருந்தா யாருக்குத் தெரியும்? இப்பெல்லாம் நான் கல்லை எத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாத்துக்கறேன். நீங்களும் பாருங்க!

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவன்