இசைக்கு அரங்களித்த வள்ளல்: இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார்

கல்வி கற்பிப்போர் பலர். கற்றதனை அவையேறிக் காட்டுதற்கு மாணாக்கருக்கு இடந்தருவோர் மிகச் சிலர். ஏனைய கல்விகள் ஏட்டிலே கிடப்பினும் ஒருவாறு பிழைத்திருக்கும். இசையோ பாடுவார் மிடற்றினும் கேட்பார் செவியினுமன்றி வேறிடத்து உயிர்வாழ மாட்டாது. ஆதலின் இசைக்குக் கல்லூரி சமைத்தோன் பாதிப் பணியே செய்தவனாவான். அங்கே பயின்ற மாணாக்கர் எதனைப் பாடுவர், எவ்வவையிற் பாடுவர் என்பதனையுஞ் சிந்தித்து வழிசெய்தவனே முழுப்பணியுஞ் செய்தவனாவான். அத்தகைய முழுப்பணி செய்த ஒருவரது சரித்திரத்தை நம் சைவ உபாத்தியாயர்களின் சிந்தனைக்கு ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றோம்.

செட்டிநாட்டிலே கானாடுகாத்தான் என்னும் ஊரில், நகரத்தார் குலத்திலே, முத்தையச் செட்டியாருக்குப் புதல்வராக 1881ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 30ஆந் தேதி அண்ணாமலைச் செட்டியார் பிறந்தார். நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை முதலிய தேசங்களிற் கொண்டுவிற்றுப் பொருளீட்டியோர். ஈட்டிய பொருளில் ஒரு பங்கை மகமையென ஒதுக்கிச் சிவாலயத் திருப்பணிக்குக் கொடுத்தல் அவர் தம் வழக்கு. கொழும்புச் செட்டியார் தெருவிலுள்ள கதிரேசன் கோயில்களும் ஆடிவேல் விழாவும் அவ்வழக்கினை நம் நாட்டாருக்கு இன்றும் நினைவூட்டுவன. அவ்வழக்கிலே வளர்ந்த செட்டியாரவர்கள், கோயிலுக்கு ஈந்த கையினாலேயே கல்விக்கும் ஈயத் தொடங்கினார்கள்.

தில்லைக் கூத்தப்பெருமான் ஆடியருளுஞ் சிதம்பரத்தில் 1920ஆம் ஆண்டு ஸ்ரீ மீனாட்சி கல்லூரி அவரால் நிறுவப்பெற்றது. பின்னர்த் தமிழுக்கும் வடமொழிக்கும் தனித்தனிக் கல்லூரிகள் எழுந்தன. 1924ஆம் ஆண்டு தொடங்கி 1927 வரையும் மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையரவர்களே அங்குத் தமிழ்க் கல்லூரியின் தலைமைப் பதவியை வகித்தார்களெனின், செட்டியாரவர்கள் ஆசிரியரைத் தேர்ந்த முறைமை விளங்கும். இக்கல்லூரிகளையும் இருபது இலட்சம் ரூபாவையும் அவர் கொடுக்க, அரசாங்கத்தாரும் உதவ, 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அவ்வாண்டிலேயே இராஜா என்னும் பட்டமும் அவருக்குப் பரம்பரை உரிமையாக வழங்கப்பெற்றது. மாணாக்கரும் ஆசிரியரும் ஓரிடத்தே உறைந்து பயிலுமாறு அமைந்தது அப்பல்கலைக்கழகம்.

இசையைப் பல்கலைக்கழகத்தில் வைத்துக் கற்பித்தல் அக்காலத்தில் அரிது. குருவின் வீட்டிலே பல்லாண்டு பணிசெய்து, அவர் மனமிரங்கிய வேளையிற் கிடைத்ததைக் கற்பதே வழக்கமாயிருந்தது. குருவின் வீட்டை அணுக இயலாத ஏழைக்கும், இசைக்குடியிற் பிறவாதவனுக்கும் அவ்வித்தை எட்டாக் கனியாயிற்று. செட்டியாரவர்கள் இசைக்கெனத் தனிக் கல்லூரி அமைத்து, மகா வைத்தியநாதையரின் மாணாக்கராகிய சபேசையர், தஞ்சை நால்வர் மரபில் வந்த பொன்னையா பிள்ளை, டைகர் வரதாச்சாரியார் முதலிய பெருவித்துவான்களை ஆசிரியராக்கினார்கள். குறித்த ஆண்டுகள் முறையாகப் பயின்று பரீட்சையிற் சித்தியடைந்தோர் சங்கீதபூஷணம் என்னும் பட்டம் பெற்றனர். இலங்கையிலிருந்து சென்று அப்பட்டம் பெற்று மீண்டோர் நம் பாடசாலைகளிற் சங்கீத உபாத்தியாயர்களாய் அமர்ந்து செய்த தொண்டினை நாம் அறிவோம்.

கல்லூரி நடந்தது, மாணாக்கர் தேர்ந்தனர். ஆயினும் ஒரு குறை எஞ்சிற்று. தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைகளிலே அக்காலத்தில் முதன்மை பெற்றவை தெலுங்குக் கீர்த்தனங்களும் வடமொழிக் கீர்த்தனங்களுமேயாம். தமிழ்ப்பாட்டு, கச்சேரி முடியுந் தறுவாயில், துக்கடா என்னும் பெயரோடு சிறிது நேரம் இடம்பெறும். மேடையில் எது மதிக்கப்படுகின்றதோ அதனையே மாணாக்கன் விரும்பிக் கற்பான். அதனையே ஆசிரியனும் கற்பிப்பான். இங்ஙனம் தமிழ் மாணாக்கர் தாம் பொருளறியாத சாகித்தியத்தைப் பொருளறியாத அவையோர்க்குப் பாடுவாராயினர்.

இது சிதம்பரத்தில் நிகழ்ந்தமை கருதத்தக்கது. முத்துத்தாண்டவர் தமிழ்க் கீர்த்தனங்களாற் கூத்தப்பெருமானைப் பாடிய தலம் அது. மாரிமுத்தா பிள்ளை பிறந்த தில்லைவிடங்கன் அதற்கு அணித்தாயுள்ளது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் முழுவதும் அத்தலத்தையே நோக்கி நடக்கின்றது. அவற்றிற்கெல்லாம் மேலாக, மூவர் அருளிய தேவார ஏடுகள் பொன்னம்பலத்தின் மேற்புறத்து அறையிலே பூட்டுண்டு செல்லரித்துக் கிடந்தமையும், நம்பியாண்டார் நம்பி துணையாக அரசன் அவற்றை மீட்டமையும், பின் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஓர் அம்மையாரைக் கொண்டு பண்ணடைவு வகுப்பித்தமையும் நம்மவர் அனைவரும் அறிந்த வரலாறு. ஏடு மீண்டது ஒரு பணி. பண் மீண்டது மற்றொரு பணி. பாடுவாரின்றிப் பூட்டிவைத்த இசையைச் செல்லும் அரிக்கும், மறதியும் அரிக்கும். அத்தில்லையிலேயே தமிழ்ப்பாட்டு மறுபடியும் அறைக்குள்ளே அடைபட்டுக் கிடந்த நிலையைச் செட்டியாரவர்கள் கண்டார்கள்.

கண்டு வாளா இருந்தாரல்லர். தமிழ்ப் பாடல்களைத் தொகுத்தற்கும், இசையமைத்தற்கும், சுரதாளக் குறிப்போடு அச்சிடுதற்கும் தனியே பொருளுதவினார்கள். பொன்னையா பிள்ளை போன்றார் அப்பணியில் ஈடுபட, பல்கலைக்கழகத்தின் பெயராலே தமிழிசைப் பாடல் நூல்கள் வெளிவந்தன. 1941ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே அண்ணாமலை நகரில் நான்கு நாள் தமிழிசை மகாநாடு கூடிற்று. கச்சேரிகளிலே தமிழ்ப்பாட்டுக்கள் முதன்மை பெறல் வேண்டும், இசைக் கல்லூரிகளில் அவை கற்பிக்கப்படல் வேண்டும் என்பன அங்கே வற்புறுத்தப்பட்டன. தமிழ்நாட்டின் பிற ஊர்களிலும் அதனையொட்டி மகாநாடுகள் நிகழ்ந்தன. 1943ஆம் ஆண்டில் சென்னையிலே தமிழிசைச் சங்கம் நிறுவப்பெற்று, ஆண்டுதோறும் இசைவிழா நடத்தத் தொடங்கிற்று. இவ்வாறு பாடல் தேடியவர் அதனைக் கற்கும் மாணாக்கரையும், மாணாக்கர் பாடும் மேடையையும், மேடைக்கு வேண்டிய அவையோரையும் ஒருங்கே தேடினார்.

எதிர்ப்பும் எழுந்தது. இசைக்கு மொழி வேண்டா, இராகமும் தாளமுமே உயிர் என்றனர் சிலர். தியாகையர் முதலிய மூவரின் கீர்த்தனங்கள் வழக்கொழிந்து போகுமென அஞ்சினர் வேறு சிலர். இவர் சொல்லை முற்றும் வெறுப்புரை என்று தள்ளுதல் நேர்மையாகாது. தியாகையரின் கீர்த்தனங்கள் இசையுலகின் பெருநிதி என்பதில் ஐயமில்லை; செட்டியாரவர்களின் கல்லூரியிலும் அவை கற்பிக்கப்பட்டன. பிறமொழிப் பாட்டை ஒழிப்பது அவர் நோக்கமன்று. தமிழ்நாட்டு மாணாக்கன் தன் அவையோர்க்குத் தன் மொழியில் தலைநிமிர்ந்து பாடும் உரிமையே அவர் வேண்டியது. இராஜாஜி, இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், ஆர். கே. சண்முகஞ் செட்டியார், கல்கி முதலியோர் அவர் பக்கம் நின்றனர். எம். எம். தண்டபாணி தேசிகர் போன்ற இசைவாணர் மேடைகளில் தமிழிசை பாடி அதன் தகுதியைக் காட்டினர். வாதத்தால் முடியாததனை வாய்ப்பாட்டு முடித்தது.

ஈழநாட்டிற்கும் அப்பல்கலைக்கழகத்திற்கும் உள்ள தொடர்பில் ஒன்றை நாம் மறத்தலாகாது. மட்டக்களப்புக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931 தொடங்கி 1933 வரையும் அங்குத் தமிழ்ப் பேராசிரியராயிருந்தார். அவர் பழந்தமிழ் யாழையும் பண்ணையும் ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. நூலிற் கூறிய அளவின்படி செய்த யாழ் அன்று வாசிக்கப்பெற்றமை குறிப்பிடத்தக்கது. ஆராய்ச்சியும் ஒலியாகிச் செவியிற் புகுந்தபின்னரே நிறைவெய்தும் என்பதற்கு இது சான்றாகும்.

இராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரவர்கள் 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15ஆந் தேதி சிவபதம் எய்தினார்கள். அவர் தொடங்கிய பணி அவரோடு நின்றுவிடவில்லை. மறு ஆண்டாகிய 1949 முதல் தமிழிசைச் சங்கத்தார் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடத்தி, ஓதுவார்களையும் வித்துவான்களையும் ஓரவையில் இருத்தித் தேவாரப் பண்களை ஆராய்ந்தனர். 1952ஆம் ஆண்டிலே அவர் பெயரால் சென்னையில் அண்ணாமலை மன்றம் எழுந்தது. பல்கலைக்கழகம் 2013ஆம் ஆண்டில் அரசினரின் நேர் ஆட்சிக்குட்பட்டது. ஆயினும் நிறுவியவர் பெயர் நீங்கவில்லை.

இச்சரித்திரத்தால் உபாத்தியாயராகிய நாம் கொள்ள வேண்டியது யாது? நம்மிடம் இலட்சங்கள் இல்லை. ஆயினும் ஒவ்வொரு சைவப் பாடசாலையிலும் காலைப் பிரார்த்தனை என்னும் மேடை நாள்தோறும் இருக்கின்றது. அதிலே குரல்வளமுள்ள ஒருவன் பாட, ஏனையோர் வாய்மூடி நிற்கும் வழக்கம் பல இடங்களிற் பரவிவிட்டது. சில இடங்களில் ஒலிப்பதிவுக் கருவியே பாடுகின்றது. பிள்ளைகள் கேட்டு நிற்கின்றனர். நாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்தில் அங்கே நல்ல குரலுள்ளாரையும் இல்லாரையும் ஒருங்கு நிறுத்திக் குழுவாகப் பாடப் பழக்கினர். அம்மாணவர் வளர்ந்தபின்பும் அப்பாட்டுக்களை மறந்திலர். பிறர்பாலுள்ள நல்வழக்கத்தைக் கொள்ளுதல் இழுக்கன்று. தேவாரத்தைக் கூடியிருந்து ஓதுதல் நமக்கும் பழையதே.

ஆதலின் வகுப்புத்தோறும் ஒரு குழு அமைத்தல் வேண்டும். பாடும் பதிகத்தின் பண்ணையும் பிள்ளைகள் அறிதல் வேண்டும். புறநீர்மையைப் பூபாளமாகவும், பழந்தக்கராகத்தைச் சுத்தசாவேரியாகவும் ஓதுவார் பாடுகின்றனர் என்பதனைச் சொல்லிக் கொடுத்தற்கு அதிக காலம் வேண்டியதில்லை. நால்வர் குருபூசை, நவராத்திரி, ஊர்க்கோயில் மகோற்சவம் ஆகிய நாட்களிலே அக்குழுக்கள் அவையேறுமாறு கோயில் தருமகர்த்தர்களோடு பேசி ஒழுங்கு செய்தல் வேண்டும். பரிசில் பெறுவோர் சிலராயினும் பாடுவோர் எல்லாருமாதல் வேண்டும்.

ஓர் அரசர் பெருஞ்செல்வங் கொண்டு செய்ததனை, ஓர் ஏழை உபாத்தியாயர் தம் பாடசாலை மண்டபத்திலே சிறிய அளவிற் செய்யலாம். செய்யாதொழியின் நம் பிள்ளைகளின் மிடற்றிலேயே தேவாரம் பூட்டுண்டு கிடக்கும். அப்பூட்டைத் திறக்குங் கை நம்முடையதாகுக. திருவருள் முன்னிற்க.