எலெக்ட்ரிக் கிட்டாரின் இரைச்சலை அடக்கிய ரேடியோ மெக்கானிக்... யார் இந்த சேத் லவர்?

எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் செருகி வால்யூமை ஏத்திப் பாருங்க. கம்பியைத் தொடுவதற்கு முன்பே ‘ம்ம்ம்...’ என்று ஒரு ரீங்காரம் கேட்கும். இதை அடக்கத்தான் இன்று ‘நாய்ஸ் கேட்’ பெடல்கள் விற்கின்றன. ஆனால், அந்த இரைச்சலைப் பிறக்கும் இடத்திலேயே நிறுத்தியவர் சேத் லவர்.

ரேடியோ கடையிலிருந்து கிப்சனுக்கு

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் உள்ள கலமசூ நகரில் 1910-ல் பிறந்தவர் லவர். ரேடியோ ரிப்பேர்தான் தொழில். இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையில் பணியாற்றினார். பிறகு சொந்த ஊரிலேயே இருந்த கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் ஆம்ப்ளிஃபையர்களை வடிவமைத்தார்.

இரைச்சல் ஏன் வருது?

கிட்டார் கம்பிக்குக் கீழே இருக்கும் ‘பிக்கப்’, ஒரு காந்தமும் அதோடு ஆயிரக்கணக்கான சுற்று செம்புக் கம்பியும் சேர்ந்தது. கம்பி அதிர்ந்தால் அதில் சிறு மின்சாரம் உண்டாகும். சிக்கல் என்னன்னா, அதே சுருள் ஆன்டெனா மாதிரியும் வேலை செய்யும். அக்கம்பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர், விளக்கு என எல்லாவற்றின் இரைச்சலையும் இழுத்துக்கொள்ளும்.

லவர் செய்தது என்ன?

ஒன்றுக்குப் பதில் இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றுக்கு காந்தத்தின் வடமுனை, மற்றதுக்கு தென்முனை. இணைப்பையும் எதிரெதிராகக் கொடுத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகப் பாய்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலிக்கோ காந்தமுனையும் மாறியிருப்பதால், அது இரண்டிலும் சேர்ந்து வலுவாகும். அவ்வளவுதான் சூட்சுமம்! இதுவே ‘ஹம்பக்கர்’.

இரண்டு சுருள் யோசனை அவருக்கு முன்பே இருந்ததுதான். அதே காலத்தில் ரே பட்ஸும் கிரெட்ச் நிறுவனத்துக்காக இதே வழியில் முயன்றார். 1955-ல் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957-ல் லெஸ் பால் கிட்டாரில் ஹம்பக்கர் வந்தது. காப்புரிமை கிடைத்தது 1959-ல்தான்.

ஆரம்பத்தில் பிக்கப்பின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பிறகு ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்த எண்ணோ, லெஸ் பாலின் வேறொரு காப்புரிமைக்கு உரியது! அந்தப் பழைய ‘பி.ஏ.எஃப்’ பிக்கப்புகளை இன்று ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள்.

1967-ல் போட்டி நிறுவனமான ஃபெண்டருக்கு மாறிய லவர், அங்கும் ஒரு ஹம்பக்கரை உருவாக்கினார். 1997-ல், 87 வயதில் காலமானார்.

பெடல் செய்பவர்களுக்கு என்ன பாடம்?

நாய்ஸ் கேட், ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் கதவை மூடும். வாசிக்கும்போது கதவு திறந்தே இருப்பதால் இரைச்சலும் கூடவே வரும். அதனால் பெடலில் கை வைக்கும் முன் பிக்கப்பைப் பாருங்க. உள்ளே வராத இரைச்சலை வெளியே துரத்த வேண்டியதில்லை.