ஹோமி பாபா

ஹோமி ஜஹாங்கீர் பாபா (அக்டோபர் 30, 1909 - ஜனவரி 24, 1966) இந்தியாவின் அணு ஆற்றல் திட்டத்தைத் தொடங்கி வைத்த இயற்பியலாளர் ஆவார். இந்திய அணு உலைகளில் பாதுகாப்பு நடைமுறைகளுக்கு அடித்தளம் இட்டதிலும் இவருக்குப் பெரும் பங்குண்டு. இப்பங்கு பரவலாக அறியப்படவில்லை.

வாழ்க்கை

மும்பையில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். 1927இல் இயந்திரப் பொறியியல் பயில கேம்பிரிட்ஜ் சென்றார். அவர் டாட்டா இரும்பாலையில் பணிபுரிய வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். பொறியியலில் முதல் வகுப்பில் தேறிய பின்னர் இயற்பியலுக்கு மாறினார். எலக்ட்ரான் - பாசிட்ரான் சிதறல் பற்றிய இவரது ஆய்வு பாபா சிதறல் என வழங்கப்படுகிறது. 1939இல் விடுமுறைக்கு இந்தியா வந்தவர், உலகப்போர் மூண்டதால் திரும்பவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி. வி. இராமனுடன் பணியாற்றினார். 1945இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1948இல் அணு ஆற்றல் ஆணையத்தின் முதல் தலைவரானார்.

அணு உலைகளும் பாதுகாப்பும்

இவரது வழிகாட்டலில் டிராம்பேயில் கட்டப்பட்ட அப்சரா உலை ஆகஸ்ட் 4, 1956 அன்று இயங்கத் தொடங்கியது. ஆசியாவில், சோவியத் ஒன்றியத்துக்கு வெளியே, இதுவே முதல் உலை. எரிபொருள் ஆழமான நீர்த்தொட்டியில் வைக்கப்பட்டிருந்தது. அந்நீரே நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்தது, வெப்பத்தை வாங்கிக் கொண்டது, கதிர்வீச்சையும் தடுத்தது.

நியூட்ரான்களை உறிஞ்சும் தண்டுகளை உள்ளே செலுத்தினால் உலையின் தொடர்வினை நின்றுவிடும். ஆனால் எரிபொருளில் எஞ்சிய கதிரியக்கத்தால் வெப்பம் தொடர்ந்து வெளிப்படும். 1 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட அப்சராவுக்கு இது பெரிய இடராக இல்லை. மின் நிலையங்களில் நிலைமை வேறு. 2011இல் புகுசிமாவில் உலைகள் நின்ற பின்னரே, குளிர்விக்க மின்சாரம் இன்றி எரிபொருள் உருகியது. திருநெல்வேலி மாவட்டக் கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் உலைகளில் மின்சாரம் இன்றியே வெப்பத்தை அகற்றும் அமைப்பு இதற்காகவே உள்ளது.

1960 பெப்ரவரியில் பாபா டிராம்பே பணியாளர்களுக்கு ஓர் ஆணை பிறப்பித்தார். கதிரியக்கப் பொருட்களைக் கையாள்வதால் பணியாளருக்கோ பிறருக்கோ தீங்கு நேரக்கூடாது என்பது அதன் ஒரு பகுதி. நாட்டின் பிற நிறுவனங்கள் பின்பற்றத்தக்க முன்மாதிரியாகவும் அப்பணி அமைய வேண்டும் என்பது மற்றொரு பகுதி. அதே ஆண்டில் 40 மெகாவாட் சைரசு உலை இயங்கத் தொடங்கியது என்பதை நோக்க, ஆணை உரிய காலத்தில் வந்தது எனலாம்.

எனினும் உலைகளைக் கட்டிய துறையே அவற்றைச் சோதிக்கும் பொறுப்பையும் வைத்திருந்தது. தனியான அணு ஆற்றல் ஒழுங்குமுறை வாரியம் நவம்பர் 15, 1983இல்தான் அமைந்தது. அதற்குப் போதிய சட்டத் தகுதி இல்லை என 2012இல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார்.

மறைவு

ஜனவரி 24, 1966 அன்று பாபா பயணம் செய்த ஏர் இந்தியா விமானம் ஆல்ப்சு மலைத்தொடரின் மோன் பிளாங்க் மீது மோதியதில் 117 பேரும் இறந்தனர். இது சதி என்று கூறுவோர் உளர். அதற்குச் சான்று இல்லை. விமானத்தின் வழிகாட்டும் கருவிகளில் ஒன்று பழுதுற்றிருந்தது. தரைக் கட்டுப்பாட்டு நிலையம் தெரிவித்த இருப்பிடத்தை விமானி தவறாகப் புரிந்துகொண்டு, மலையைக் கடந்துவிட்டதாக எண்ணிக் கீழிறங்கினார் என்பது விசாரணையின் முடிவு. டிராம்பே நிறுவனம் 1967இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாற்றப்பட்டது.