தென்காசி கண்ட பராக்கிரம பாண்டியர்

நம் சங்கத்து அன்பர்களிற் பலர், ஆனி ஆடித் திங்களில் சாரல் தொடங்கியவுடன், குழந்தைகுட்டிகளுடன் திருக்குற்றாலத்துக்கு அருவியாடச் செல்வதுண்டு. அவ்வழியில் தென்காசிக் கோபுரத்தைக் கண்டு கைகூப்பாதார் இரார். எனினும், அத்திருக்கோயிலை எடுப்பித்த வேந்தரின் வரலாற்றை நம் சிறார்க்கு எடுத்துரைப்போர் சிலரே. அக்குறை நீங்குதற் பொருட்டு இம்மாதம் இதனை எழுதப் புகுந்தோம்.

அரசர் விடுத்த சாசனத்தால் சிற்றூர் நகரமாவது நம் நாட்டில் புதிதன்று. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் 1620ஆம் ஆண்டில் டேனியருக்குப் பொன்னேட்டில் உடன்படிக்கை எழுதிக் கொடுத்தார். அதனால் கடற்கரைச் சிற்றூராகிய தரங்கம்பாடி, கோட்டையும் பண்டகசாலையும் உடைய பட்டினமாயிற்று. அஃது வாணிகத்தால் விளைந்த நகர். தென்காசியோ அதற்கு ஏறக்குறைய 170 ஆண்டுகட்கு முன்னரே பத்தியால் விளைந்த நகர். பத்தி ஒன்றே காரணம் என்றும் யாம் சொல்லத் துணியோம். காலத்தின் நெருக்கடியும் உடன் நின்றது.

அந்நெருக்கடி யாதெனின், பாண்டியர்க்கு மதுரை இல்லாமற் போனமையே. 1311இல் மாலிக் காபூரின் படை மதுரையுட் புகுந்தது. பின்னர்ச் சுல்தான்களின் ஆட்சியும், அதனை ஒழித்த விஜயநகரக் குமார கம்பணரின் ஆதிக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த குடியினர் பொருநை பாயும் தென்கோடியில் ஒதுங்கி வாழலாயினர். முடி இருந்தது, முடிசூட ஊர் இல்லை.

இந்நிலையில் 1422இல் அரியணை ஏறியவரே சடையவர்மன் அரிகேசரி பராக்கிரம பாண்டியர். பொன்னின் பெருமாள் என்பதும் மானகவசர் என்பதும் அவர்தம் விருதுப்பெயர்கள். மலைக்கு மேற்கே சேர நாடு; செங்கோட்டைக் கணவாய் வழியே படை வரவும் கூடும், பண்டம் வரவும் கூடும். திருக்குற்றாலத்திலும் முதலைக்குளத்திலும் சேரரை வென்றதாக அவருடைய மெய்க்கீர்த்தி கூறும். மெய்க்கீர்த்திகள் வெற்றியை மட்டுமே கூறும் இயல்பின ஆதலின், அப்போர்களை விரித்தல் வேண்டா. அவர் பெயரை இன்றளவும் நிறுத்துவன போர்கள் அல்ல.

காசி விசுவநாதப் பெருமான் வேந்தர் கனவில் தோன்றி, வடகாசியிலுள்ள தம் ஆலயம் சிதைந்தமையால் தெற்கே சிற்றாற்றங்கரையில் தமக்கோர் ஆலயம் சமைக்குமாறு பணித்தார் என்பது கோயிற் சாசனத்தாலேயே அறியப்படுவது. எறும்புகள் சாரையாகச் சென்று செண்பகவனத்தில் இலிங்கமிருந்த இடத்தைக் காட்டின என்பது செவிவழிக் கதை. கனவை ஐயுறுவார் ஐயுறுக. எமக்கு வியப்பளிப்பது வேறொன்று. மதுரையை இழந்த பாண்டியர் தம் புதிய ஊருக்குத் தென்மதுரை எனப் பெயர் வைத்திலர். தென்காசி என்றே வைத்தார். இழந்ததை நினைந்து அழுவார் செயலன்று அது. வடநாட்டுக்கு நடந்து செல்ல இயலாத ஏழையர்க்கும் காசியை அருகில் கொணர்ந்து வைத்த செயலாகும்.

திருப்பணி 1446இல் தொடங்கிற்று. மறு ஆண்டாகிய 1447இல் பிரதிஷ்டை நிகழ்ந்தது. 1457இல் ஒன்பது நிலைக் கோபுரத்துக்கு அடிப்படை இடப்பெற்றது. இடையிலே ஊர் எவ்வாறு எழுந்திருக்கும் என்பதை நம் குடும்பத்தார் எளிதில் உணர்வர். கல்தச்சர் வந்தால் அவர்க்கு உளி அடிக்கும் கொல்லர் வேண்டும். உலை வைக்கக் குயவர் சட்டி வேண்டும். பூசை தொடங்கினால் விளக்கெண்ணெய்க்குச் செக்கும், மாலைக்கு நந்தவனமும், அமுதுபடிக்கு நெல்லும் நாள்தோறும் வேண்டும். நெல்லுக்கு நிலமும் நிலத்துக்கு நீரும் வேண்டும். அரசர் கோயிலுக்கு நிலம் விட்டார் என்று கல்லில் வெட்டப்பட்ட ஒரு வரியுள் இத்தனை குடிகளின் பிழைப்பும் அடங்கிக் கிடக்கின்றது. குற்றால மலையில் பிறந்து சிற்றாறாகப் பெருகும் நீரே இவ்வேற்பாட்டுக்கு உயிர். அந்நீர் பொய்த்திருந்தால் ஆணை வெறுங்கல்லாகவே நின்றிருக்கும்.

இனி, யாம் சொல்ல விரும்பிய முதன்மையான செய்திக்கு வருவோம். பழைய சாசனங்களின் இறுதியில், இத்தருமத்துக்குக் கேடு செய்வோன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திற் போவான் என்று சபிப்பது வழக்கம். அறங்காத்தான் திருவடி என் தலைமேலது என்று பணிந்து கூறும் வழக்கமும் உண்டு. பராக்கிரமர் பணிதலையே தம் வழியாகக் கொண்டார். இக்கோயில் தெய்வச் செயலால் ஆயிற்றேயன்றித் தம்மால் ஆனதில்லை என்றும், இதற்கு என்றேனும் ஒரு குறை நேருமாயின் அப்போது வந்து அதனை நீக்கிக் காப்பவர் யாவராயினும் அவரை உலகறியத் தாம் வணங்குவதாகவும் அவர் பெயரால் அமைந்த செய்யுட்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. குலம் இன்னது, குடி இன்னது, நாடு இன்னது என்று அவர் வரையறுத்திலர். யாவராயினும் என்றார். முடியணிந்த தலை, இன்னும் பிறவாத ஒருவர்க்குத் தாழ்ந்தது. மதுரையின் கதியைக் கேட்டு வளர்ந்தவர் ஆதலின், கல்லும் ஒருநாள் விழும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார் போலும்.

1463இல் அவர் காலமானார். உடனிருந்து ஆண்ட தம்பி குலசேகர பாண்டியரே கோபுரப் பணியை நிறைவேற்றினார். பின்வந்த பாண்டியர்க்கு அத்தலமே முடிசூடும் இடமாயிற்று. 1564இல் பட்டமெய்திய அதிவீரராம பாண்டியர் இக்குடியினரே. நைடதம் பாடிய அப்புலவர்வேந்தர் காசிகாண்டத்தையும் தமிழிற் பாடியமை பொருத்தமே. பதினேழாம் நூற்றாண்டில் அவர்களது ஆட்சியும் மறைந்தது. ஊர் மறைந்திலது. கணவாய் வழி வாணிகம் தொடர்ந்தது. 1903இல் புகைவண்டியும் வந்தது. 2019இல் தென்காசி தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று.

வேந்தர் அஞ்சிய குறை கோபுரத்துக்கு நேர்ந்தது. அது பிளந்து, மேனிலைகள் இழந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரம் என்று பெயர் பெற்று நின்றது. குற்றாலத்துக்குச் சென்ற நம் பாட்டனார் பலரும் அக்கோலத்திலேயே அதனைக் கண்டனர். பின்னர், அன்பர்கள் பொருளீட்டி முயன்று, ஏறக்குறைய 180 அடி உயரத்துக்கு ஒன்பது நிலைகளையும் மீண்டும் எழுப்பி, 1990இல் குடமுழுக்குச் செய்தனர். அவர்களை வணங்கிய பாண்டியர் மறைந்து அப்போது 527 ஆண்டுகள் ஆகியிருந்தன.